ஆடும் இயந்திரமும் ஆடாத விலையும்

பேரம் பேசுவதற்குக் குறைந்தது இருவர் வேண்டும். அந்தப் பெருங்கடையின் இரண்டாம் தளத்தில், இருப்புத் தீர்க்கும் விற்பனை நடைபெற்ற பகுதியில், திருப்புளியார் இருபது நிமிடங்களாகத் தனியே நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு எதிரே ஒரு சலவை இயந்திரம் நின்றது. அதன் நெற்றியில் ஒட்டப்பட்டிருந்த சிவப்புச் சீட்டில் முப்பதாயிரம் என்னும் எண் குறுக்குக் கோட்டினால் அடிக்கப்பட்டு, அதன் கீழே பதினெட்டாயிரம் என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

"என்ன மாப்பிள்ளை, ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கைபேசியில் மைத்துனர் வினவினார்.

"யார்கிட்ட ஆரம்பிக்கிறது மச்சான்? ஆளையே காணோம்."

"அவ்வளவு பெரிய கடையில ஆளில்லையா?"

"ஆளுங்க இருக்காங்க. எல்லாரும் வாங்க வந்தவங்க. விக்கிறவங்க யாருன்னுதான் தெரியல."

"கல்லாவுல யாரு உட்கார்ந்திருக்கான்னு பாருங்க."

"கல்லா கீழ இருக்கு மச்சான். மொத்தம் பதினாலு இருக்கு."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

திருப்புளியார் என்பது அவருடைய பெற்றோர் இட்ட பெயர் அன்று. மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவர் பதினாறு ஆண்டுகளாகப் பணியாற்றிவந்தார். பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி இருந்தமையால், உடன் பணிபுரிந்தோர் அப்பெயரைச் சூட்டினர். எத்தகைய பழுதையும் நீக்கும் ஆற்றல் அவருடைய கைகளுக்கு இருந்தது. அவருடைய வாய்க்கோ எந்த ஆற்றலும் இல்லை. "எவ்வளவு ஆச்சு?" என்று வாடிக்கையாளர் கேட்டால், "நீங்க பார்த்துக் குடுங்க" என்பார். பார்த்துக் கொடுத்தவர்கள் சிலர். பார்த்துவிட்டு மட்டும் போனவர்கள் பலர்.

அந்த மாதத்தோடு பட்டறை மூடப்படவிருந்தது. சொந்தமாகக் கடை வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. கடைக்கு ஏற்ற இடமும் இருந்தது. தெருவைப் பார்த்தபடி அமைந்திருந்த மைத்துனர் வீட்டு முன்னறைதான் அது. அதன் சாவியைக் கேட்டுத்தான் முந்தைய நாள் மாலை அவர் தம் மனைவியுடன் அங்கே சென்றிருந்தார்.

"தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லை மாப்பிள்ளை. ஆனா கடை வைக்கிறவனுக்கு வாய் வேணும். உங்களுக்கு அது சாப்பிடுறதுக்கு மட்டும்தான் பயன்படுது" என்றார் மைத்துனர்.

"அண்ணா!" என்று தங்கை அதட்டினாள்.

"நீ சும்மா இரும்மா. நான் ஒண்ணும் பெருசா கேக்கல. உங்க வீட்டுக்கு வாஷிங் மிஷின் வாங்கணும்ல? போட்ட விலையிலருந்து ஒரு நூறு, வெறும் நூறு, வாயால பேசிக் குறைச்சு வாங்கிட்டு வரட்டும். அன்னைக்கே சாவி. இல்லேன்னா தையல்காரம்மா வாடகைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துடுவேன்."

அவ்வாறு சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. பேரம் பேசுவதில் மைத்துனருக்கு இணையானவர் அந்தச் சுற்றத்தில் எவரும் இலர். தாம் அமர்ந்திருந்த சோபாவைப் பாதி விலைக்கும், தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைக் கால் விலைக்கும் வாங்கியவர் அவர். "அவன் எவ்வளவு சொன்னான், நான் எவ்வளவுக்கு முடிச்சேன்" என்று அவர் விவரிக்கத் தொடங்கினால், உறவினர்கள் சோறு ஆறுவதையும் மறந்து கேட்பார்கள்.

எனவேதான் திருப்புளியார் இந்தப் பெருங்கடைக்கு வந்திருந்தார். எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று கடைக்காரர்களே எண்ணும் பொருளுக்கு, கேட்டால் இன்னும் ஒரு நூறு தள்ளமாட்டார்களா என்பது அவருடைய கணிப்பு.

ஒருவழியாகப் பச்சை மேலங்கி அணிந்த விற்பனைப் பெண்மணி ஒருவர் அவ்வழியே வந்தார். திருப்புளியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது என்ன விலைம்மா?"

"ஒட்டியிருக்கு சார்."

"அது தெரியுது. என்ன விலைக்குக் குடுப்பீங்க?"

"ஒட்டியிருக்கிற விலைக்கு."

"சரி, கடைசி விலை?"

"முதல்லயும் அதான் சார், கடைசியிலயும் அதான்."

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

அப்பெண்மணி குனிந்து சீட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பதினெட்டாயிரம் சார்" என்றார்.

"நீங்க குறைக்கக் கூடாதா?"

"நான் எப்படி சார் குறைக்கிறது? தலைமை ஆபீஸ்ல இருக்கிற கம்ப்யூட்டர் போடுற விலை."

"அப்ப அதுகிட்ட யாரு பேசுவாங்க?"

"யாரும் பேச மாட்டாங்க சார். அது சொல்லும், நாங்க கேட்டுக்குவோம்."

கைபேசியின் வழியே இவ்வுரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த மைத்துனர் பொறுமை இழந்தார். "கெஞ்சாதீங்க மாப்பிள்ளை! பொருளைக் குறை சொல்லுங்க. நாம குறை சொல்லச் சொல்ல விலை தானா இறங்கும்."

"பார்க்க நல்லாத்தானே இருக்கு மச்சான்."

"இதைத்தான் நான் சொல்றேன்! ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு இல்லாமலா போயிடும்?"

திருப்புளியார் அவ்வாறே கேட்டுக்கொண்டார். மின்சாரம் இணைக்கப்பட்டது. துணி பிழியும் சுற்றுத் தொடங்கியதும் இயந்திரம் முதலில் நடுங்கியது, பிறகு துள்ளியது. இறுதியில் ஓரடி முன்னே நடந்து வந்து திருப்புளியாரின் காலை மிதித்தது.

வலியையும் மீறி அவருடைய முகம் மலர்ந்தது. "பாருங்க, இது ஆடுது!"

"ஆமா சார், ஆடும்" என்று அப்பெண்மணி சீட்டின் அடிவரியைச் சுட்டிக்காட்டினார். 'இயங்கும்போது ஆடும்' என்று அதில் அச்சாகியிருந்தது. "அதுக்காகத்தான் பன்னிரண்டாயிரம் குறைச்சிருக்கோம்."

"ரொம்ப ஆடுதேம்மா?"

"ரொம்பவே ஆடும் சார். திருப்பிக் குடுத்தவங்களும் இதையேதான் சொன்னாங்க."

குறையைக் கடைக்காரரே ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்கு மேல் என்ன சொல்வது என்று மைத்துனர் கற்பிக்கவில்லை. திருப்புளியார் செய்வதறியாது இயந்திரத்தின் பின்புறம் எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் பேரம், நூறு, சாவி ஆகிய யாவும் அவருக்கு மறந்துபோயின.

"அடடா! போல்ட்டைக் கழட்டவே இல்லையே!"

தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது உள்ளே இருக்கும் டிரம் குலுங்கிச் சேதமடையாதிருக்க, நான்கு நீண்ட போல்ட்டுகளால் அதனை இறுகப் பூட்டி அனுப்புவார்கள். வீட்டில் வைத்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால், டிரம் சுழலும் வேகத்தில் இயந்திரமே எழுந்து நடக்கும். இதனை அவர் அப்பெண்மணிக்கு விளக்கிக்கொண்டிருந்த நேரத்திலேயே, காற்சட்டைப் பையிலிருந்த ஸ்பேனர் வெளியே வந்தது. நான்கு போல்ட்டுகளும் அவருடைய உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தன.

"இப்ப போடுங்கம்மா."

இயந்திரம் ஓடியது. ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அவ்வழியே சென்ற ஒரு கணவனும் மனைவியும் நின்று வேடிக்கை பார்த்தனர்.

"சூப்பர் சார்!" என்று கைதட்டிய விற்பனைப் பெண்மணி, பிரிவு மேலாளரை அழைத்து வந்தார். கழுத்துப்பட்டை அணிந்த அம்மேலாளர் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். அதன்மீது ஒரு நாணயத்தை நிற்க வைத்தும் பார்த்தார். நாணயம் விழவில்லை.

"குறையே இல்லையே!" என்றார் மேலாளர்.

"ஒரு குறையும் இல்லை. இருபது வருஷம் ஓடும்" என்று திருப்புளியார் பெருமிதத்துடன் உறுதியளித்தார்.

"அப்ப இது கிளியரன்ஸ்ல இருக்கக் கூடாதே" என்று கூறிய மேலாளர், சிவப்புச் சீட்டை உரித்தெடுத்தார். "முப்பதாயிரம்."

திருப்புளியார் தம் உள்ளங்கையில் இருந்த போல்ட்டுகளை நோக்கினார். "சார், வேணும்னா மறுபடியும் மாட்டிடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலைதான்."

"நல்லா ஓடுற பொருளைக் கெடுக்கிறேங்கிறீங்களா? மேல கேமரா இருக்கு சார்."

அவர் சற்றே ஒதுங்கி நின்று கைபேசியைக் காதில் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, விலை அசைஞ்சுதா?"

"அசைஞ்சுது மச்சான்."

"சபாஷ்! எவ்வளவு?"

"முப்பதாயிரம்."

"இத்தனை வருஷத்துல," என்று மைத்துனர் மெல்லிய குரலில் தொடங்கினார், "பேரம் பேசி விலை ஏறினதை நான் கேள்விப்பட்டதே இல்லை. சரி, கடைசி ஆயுதம் ஒண்ணு இருக்கு. 'வேண்டாம்'னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடங்க. திரும்பிப் பார்க்காதீங்க. நாலாவது அடியில கூப்பிடுவாங்க."

"வேண்டாம்" என்று மேலாளரிடம் அறிவித்துவிட்டுத் திருப்புளியார் நடந்தார். நான்காவது அடியில் எவரும் அழைக்கவில்லை. நாற்பதாவது அடியிலும் அழைக்கவில்லை. நகரும் படிக்கட்டு வந்துவிட்டது. அழைப்பதற்குக் கடைக்காரர்களுக்குப் போதிய அவகாசம் அளிக்கும் பொருட்டு, கீழே இறங்கிய அப்படிக்கட்டில் அவர் சிறிது நேரம் மேல்நோக்கி நடந்தார். பின்னால் வந்த முதியவர் ஒருவர், "தம்பி, போறீங்களா வர்றீங்களா?" என்று கேட்டதும் அம்முயற்சியைக் கைவிட்டார்.

வாயிலில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. "மீண்டும் வருக!" என்று இனிய பெண்குரல் ஒன்று பின்னாலிருந்து அழைத்தது.

திருப்புளியார் வெற்றிப் புன்னகையுடன் திரும்பினார். "சரி, எவ்வளவு குறைப்பீங்க?"

"சார், பேசினது கதவு" என்றார் காவலாளி.

அவர் மீண்டும் இரண்டாம் தளத்திற்கு ஏறியபோது, வேடிக்கை பார்த்த கணவனும் மனைவியும் அவ்வியந்திரத்தின் இருபுறமும் நின்றுகொண்டிருந்தனர்.

"சத்தமே இல்லைங்க. இதையே எடுத்துக்கலாம்" என்றாள் மனைவி.

"முப்பதாயிரம்தானே, பில் போடுங்க" என்றான் கணவன்.

தம் கையால் சீர்பெற்ற பொருள் கண்ணெதிரே பிறர் வீட்டிற்குச் செல்வதைக் கண்ட திருப்புளியாருக்குப் பொறுக்கவில்லை. பையில் மனைவி எண்ணிக் கொடுத்த பதினெட்டாயிரம் மட்டுமே இருந்தது என்பதும் அவருடைய நினைவில் இல்லை.

"நான் முப்பத்தோராயிரம் தர்றேன்!"

அனைவரும் அவரைத் திரும்பிப் பார்த்தனர்.

"கூடவும் வாங்க முடியாது சார்" என்று விற்பனைப் பெண்மணி இரக்கத்துடன் கூறினார். "போட்ட விலைதான்."

கீழும் இறங்காத, மேலும் ஏறாத அவ்விலையைக் கொடுத்து அத்தம்பதியர் இயந்திரத்தை வாங்கிச் சென்றனர். திருப்புளியார் ஸ்பேனரைப் பைக்குள் திணித்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் மேலாளர். நான்காவது அடியில்தான் அழைத்தார். ஆனால் விலை குறைப்பதற்காக அன்று. "கீழ கிடங்குல இதே மாதிரி இன்னும் பதினொண்ணு நிக்குது. எல்லாம் ஆடுதுன்னு திரும்பி வந்தது. கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?"

கிடங்கில் பதினோர் இயந்திரங்களும் சிவப்புச் சீட்டுகளுடன் வரிசையாகச் சுவரை ஒட்டி நின்றன. பின்புறம் இருட்டாக இருந்தது. திருப்புளியார் தரையில் குப்புறப் படுத்து, சிறிய டார்ச் விளக்கைப் பற்களுக்கிடையே கவ்விக்கொண்டு, முதல் இயந்திரத்தின் பின்னே தலையை நுழைத்தார்.

"இதெல்லாம் சரி பண்ணிக் குடுத்தா, ஒண்ணுக்கு எவ்வளவு கேப்பீங்க?" என்று மேலாளர் அவருடைய கால்களிடம் வினவினார்.

'நீங்க பார்த்துக் குடுங்க' என்பதே திருப்புளியாரின் விடை. ஆனால் வாயில் டார்ச் இருந்தது.

"ஒண்ணுக்கு ஐந்நூறு தர்றேன். சரியா?"

அவ்வேளையில் டிரம்மைக் கையால் சுழற்றிப் பார்த்த திருப்புளியாருக்கு ஒரு கரகரப்புக் கேட்டது. போல்ட்டைக் கழற்றாமல் ஓட்டியதில் டிரம்மைத் தாங்கும் பேரிங்கும் தேய்ந்துவிட்டதே என்னும் வருத்தத்தில், "ம்ஹூம்" என்றார்.

"சரி, எழுநூறு."

அவர் அடுத்த இயந்திரத்திற்கு ஊர்ந்து சென்றார். அதன் டிரம்மும் கரகரத்தது. "ம்ஹூம்... ம்ஹூம்."

"நீங்க பெரிய ஆளு சார்" என்று மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "ஆயிரம். இதுக்கு மேல குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. வாரம் அஞ்சாறு திரும்பி வரும். அத்தனையும் உங்களுக்கே அனுப்பறேன். போதுமா?"

மீதி ஒன்பதையும் ஊர்ந்து பார்த்து முடித்த பிறகே திருப்புளியார் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "ரெண்டுக்குப் பேரிங் மாத்தணும். ஒன்பதுக்கு வெறும் போல்ட்தான்" என்றவர், பிறகே மேலாளர் சொன்னவை செவியில் ஏற, "எவ்வளவு சொன்னீங்க?" என்று திகைத்துப்போய்க் கேட்டார்.

"சார், சத்தியமா ஆயிரத்துக்கு மேல முடியாது!"

வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒரு பேரத்தில் வென்றிருந்தார். அது நடந்ததே பின்னர்தான் அவருக்குத் தெரிந்தது.

"உங்க கடை எங்க சார் இருக்கு? முகவரி இருந்தாத்தான் ஒப்பந்தம் போட முடியும். திங்கட்கிழமைக்குள்ள குடுத்துடுங்க."

திருப்புளியாரின் முகம் வாடியது. "கடை இருக்கு சார். சாவிதான் இன்னும் வரல."

சாவியோ மைத்துனர் கேட்ட அந்த நூறு ரூபாய்க் குறைப்பில் இருந்தது. அவர் ஆடும் இயந்திரம் ஒன்றைத் தமக்கெனத் தேர்ந்தார்.

"அதை மட்டும் இப்பவே சரி பண்ணிடுங்களேன்" என்றார் மேலாளர்.

"வேண்டாம், வேண்டாம்! அது ஆடட்டும்" என்று பதறிய திருப்புளியார், தம் கைகள் தாமாக எதுவும் செய்துவிடாதபடி அவற்றைக் காற்சட்டைப் பைகளுக்குள் நுழைத்துக்கொண்டார். "ஒரே ஒரு உதவி சார். இதுல ஒரு நூறு மட்டும் குறைச்சுக்கலாமா? என் கூலியில இருநூறு வேணும்னாலும் பிடிச்சுக்குங்க."

"கூலி என் கையில இருக்கு சார், அதைக் கூட்டினேன். பில் என் கையில இல்லையே."

பதினெட்டாயிரத்துக்கு, ஒரு காசு குறையாமல், பில் வெளிவந்தது. தம் வீடிருந்த சந்துக்குள் வண்டி நுழையாது என்பதால், இயந்திரத்தை மைத்துனர் வீட்டில் இறக்கும்படி முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு அவர் புறப்பட்டார்.

வழியில் மனைவி அழைத்தாள். "என்னங்க, குறைச்சாங்களா?"

"இல்லம்மா."

"சரி விடுங்க. பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. அவர் என்ன பில்லையா வாங்கிப் பார்க்கப் போறார்?"

"வாய் வராதும்மா."

"ஒரு தடவையாவது வர வைங்க! பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம்... அவ்வளவுதானே?"

"முயற்சி பண்றேன்" என்றார் திருப்புளியார். வழி நெடுகிலும் 'பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம்' என்று மனப்பாடம் செய்துகொண்டே நடந்தார்.

மைத்துனர் வீட்டுக் கூடத்தில் மனைவி அவருக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தாள். மைத்துனர் சோபாவில் சாய்ந்திருந்தார். முன்னறைச் சாவி அவருடைய விரலில் சுழன்றுகொண்டிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

மனைவியின் கண்கள் அவரை ஊக்கின. திருப்புளியார் மூச்சை உள்ளிழுத்தார். "பதினேழாயிரத்து..." என்று தொடங்கினார். எதிரே மைத்துனர் புருவத்தை உயர்த்தினார். "...பதினேழாயிரத்து ஆயிரம்."

"பதினெட்டாயிரம்னு சொல்லுங்க" என்று மைத்துனர் நகைத்தார்.

"ஆமா மச்சான். போட்ட விலைதான். ஆனா அங்க எனக்கு வேலை குடுத்திருக்காங்க. இன்னும் பத்து மிஷின் சரி பண்ணணும், வாராவாரம் வேற வரும். இடம் மட்டும் இருந்தா போதும்..."

"அந்தப் பேச்சே வேண்டாம். ஒரு நூறு குறைக்கத் தெரியாதவர் எப்படிக் கடை நடத்துவீங்க? வாங்குறதும் ஒரு வித்தை மாப்பிள்ளை. பார்வையிலேயே கடைக்காரன் பயப்படணும். என்னைப் பார்த்ததும் அவனவன் விலையைப் பாதியிலருந்துதான் ஆரம்பிப்பான்."

"அண்ணா, வேலை கிடைச்சிருக்குன்னு சொல்றாரே. அதுவே போதாதா?" என்றாள் தங்கை.

"பேச்சுன்னா பேச்சும்மா. நான் பேச்சு மாற மாட்டேன்" என்ற மைத்துனர், தையல்காரம்மாவை அழைப்பதற்காகக் கைபேசியை எடுத்தார்.

வாயிலில் வண்டி வந்து நின்ற ஓசை கேட்டது. பெருங்கடையின் பெயர் பொறித்த தொப்பி அணிந்த வண்டிக்காரர், முகவரிச் சீட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். சோபாவில் இருந்தவரைக் கண்டதும் அவருடைய முகம் முழுவதும் மலர்ந்தது.

"அட, நம்ம சார் வீடா! ஒவ்வொரு தடவையும் போட்ட விலையை அப்படியே குடுத்துட்டு, விலைச் சீட்டை மட்டும் வாசல்லயே கிழிச்சுடச் சொல்லுவீங்களே, இதுக்கும் கிழிச்சுடவா?"